சிலம்பம் கத்துக்க போறீங்களா: ஆசான், களம், கம்பு, கடைசியா வர்மம்

சிலம்பம் கத்துக்க வர்றவங்கள்ல பாதிப் பேர் மொத நாளே கேக்கறது "வர்மம் எப்போ சொல்லித் தருவீங்க"ங்கறது தான். வர்மம்னா உடம்புல அடி பட்டா ஆபத்துன்னு சொல்ற இடங்களயும், அத வைத்தியத்துக்குப் பயன்படுத்தறதயும் பத்தின வித்தை. நானும் கேட்டவன் தான், அதனால சிரிக்க மாட்டேன். நான் கேட்டப்போ ஆசான் பதிலே சொல்லல, களத்துல கிடந்த தென்னமட்டைய எடுத்து ஓரமா போடச் சொன்னாரு, அப்புறம் ஒத்தக் கால்ல நில்லுன்னாரு, பத்து எண்றதுக்குள்ள நான் தள்ளாட ஆரம்பிச்சுட்டேன், "இவனுக்கே நிக்கத் தெரியல, அடுத்தவன விழ வைக்க கேக்கான்"னு சொல்லிட்டு அடுத்த பையன் கிட்ட போயிட்டாரு. அவ்ளோ தான் அன்னைக்கு வகுப்பு.

இது புதுசா சேரப் போறவங்களுக்கும், பிள்ளைங்கள சேர்த்து விட நினைக்கற அப்பா அம்மாவுக்கும் எழுதறது. நான் கத்துக்கிட்டது கன்னியாகுமரி மாவட்டப் பக்கம், அதனால அங்க உள்ள பழக்கம் தான் நிறைய வரும். அங்க ஒரு விசேஷம் என்னன்னா கம்பு, கையால அடிச்சுத் தடுக்கற அடிமுறை, எலும்பு முறிவு வைத்தியம், வர்மம் எல்லாம் பல இடத்துல ஒரே ஆள் கிட்ட தான் இருக்கும். காலைல திண்ணைல கை ஒடிஞ்சவனுக்கு கட்டு போடுவாரு, சாயங்காலம் தோப்புல கம்பு சுத்துவாரு. 1956 வரைக்கும் அந்தப் பக்கம் திருவிதாங்கூரோட இருந்ததால களரி, ஆசான்ங்கற வார்த்தையெல்லாம் பேச்சுல அப்படியே ஒட்டிக்கிச்சு. மதுரை, திருநெல்வேலி பக்கம் போனா வாத்தியார்ம்பாங்க, பழைய ஆளுங்க வஸ்தாதும்பாங்க, சென்னைல மாஸ்டர். எங்க போறீங்களோ அங்க மத்த பசங்க எப்படிக் கூப்பிடறாங்களோ அப்படியே கூப்பிடுங்க, "சார்"னு மட்டும் கூப்பிட்டா சில பேர் முகம் சுருங்கிடும்.

ஆசான எப்படித் தேடறது

யூட்யூப் பாத்து தேடாதீங்கன்னு சொல்ல மாட்டேன், இப்போ எல்லாரும் அங்க தான் தேடறாங்க. ஆனா வீடியோல தெரியறது வேகம் மட்டும் தான். சேரறதுக்கு முன்னாடி மூணு நாளாவது போய் சும்மா ஓரமா உக்காந்து பாருங்க, அதுக்கே விடலன்னா அந்த இடம் வேண்டாம். அங்க போய் ஆசானப் பாக்காதீங்க, அவரு நல்லா தான் சுத்துவாரு. கூட இருக்கற பழைய பசங்களப் பாருங்க, மூணு நாலு வருஷம் கத்துக்கிட்ட பையன் புதுசா வந்த சின்னப் பிள்ளையோட கம்பு போடும்போது எப்படிப் போடறான்னு பாருங்க. அவன் வேகத்தக் குறைச்சு அந்தப் பிள்ளைக்குத் தகுந்த மாதிரி விட்டுக் குடுத்து ஆடினா ஆசான் சரியா வளர்த்திருக்காருன்னு அர்த்தம். சின்னவன் விரல்ல சடார்னு ஒண்ணு வச்சுட்டு சிரிச்சான்னா வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க.

அப்புறம் ஆசான் கிட்ட ஏதாவது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, "இந்த மூட்டு வலிக்கு என்ன பண்ணலாம்"ன்ற மாதிரி. "எனக்குத் தெரியல, டாக்டர் கிட்ட காட்டு"ன்னு ஒரு தடவையாவது வாயில வர்ற ஆளா இருந்தா நம்பலாம். எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கறவரு கிட்ட தான் ஜாக்கிரதையா இருக்கணும்.

சேந்த மொத வாரமே வாளோ சுருள்வாளோ கைல குடுத்து போட்டோ எடுத்து விடற இடமும் வேண்டாம். முறை என்னன்னா மொதல்ல நெடுங்கம்பு, அது கை வந்தப்புறம் குறுங்கம்பு, மான்கொம்பு, அப்புறம் வாள். சுருள்வாள் கடைசில தான், ஏன்னா அது வளைஞ்சு திரும்பி வர்ற தகடு, எதிராளிய விட சுத்தறவன் முதுகத்தான் மொதல்ல தேடும்.

போட்டிக்கு போகணுமா, சும்மா கலையா கத்துக்கணுமாங்கறதயும் முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. 2024 ஜனவரில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல சிலம்பத்த காட்சி விளையாட்டா சேர்த்தாங்க, அதுக்கப்புறம் எங்க பக்கம் பிள்ளைங்கள சேர்த்து விடறது கூடிருச்சு, சந்தோஷம் தான். ஆனா போட்டிச் சிலம்பம்னா தொட்டா பாயின்ட், அலங்காரமா சுத்தினா மார்க். பழைய அடிமுறை கத்துத் தர்ற இடத்துல இந்த ரெண்டும் இருக்காது, அங்க போய் சர்டிபிகேட் எப்போ வரும்னு கேட்டா ரெண்டு பேருக்கும் வருத்தம்.

மொத நாள்

சேரறதுக்கு விஜயதசமி நல்ல நாளுன்னு சொல்லுவாங்க, இல்லன்னா ஆசான் ஒரு நாள் சொல்லுவாரு. வெத்தலை, பாக்கு, பழம், ஒரு தேங்காய், மேல ஒரு ரூபாய் நாணயத்தோட தட்சணை, இத ரெண்டு கையாலயும் குடுக்கணும். தட்சணை வேற, மாசப் பீஸ் வேற. பீஸ் எவ்ளோன்னு அன்னைக்கே வாய் விட்டு கேட்டுடுங்க, "நீங்க பாத்து குடுங்க"ன்னு சொல்லிட்டு ஆறு மாசம் கழிச்சு மனக்கஷ்டம் வர்றத நான் பாத்திருக்கேன். கிறிஸ்தவ ஆசான் இருக்கற இடத்துல ஜெபத்தோட ஆரம்பிக்கலாம், முஸ்லிம் வஸ்தாது இருந்தா அங்க வேற மாதிரி, இதுல நமக்கு ஒத்து வராதது எதுவும் இருந்தா பணிவா சொன்னா போதும், யாரும் கட்டாயப் படுத்த மாட்டாங்க.

டிரஸ் பெருசா ஒண்ணும் வேண்டாம், முட்டி மடங்கினா தையல் பிரியாத பேன்ட், வேர்வை இழுக்கற பனியன். பொண்ணுங்க துப்பட்டாவ இடுப்புல இறுக்கிக் கட்டுங்க இல்லன்னா வீட்டுலயே விட்டுட்டு வாங்க, கம்பு அதுல சிக்கினா கழுத்த இழுத்துடும். மோதிரம், கயிறு, வாட்ச், தோடு எல்லாம் கழட்டணும். மாசத்துல மூணு நாள் களத்துக்குள்ள வரக்கூடாதுன்னு இன்னும் சில இடத்துல சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு கிடையாது, ஆனா சேர்ந்தப்புறம் தெரிஞ்சு சங்கடப்படறத விட முன்னாடியே கேட்டு அப்படி இல்லாத இடமா பாத்து சேர்றது நல்லது. வயிறு முட்ட சாப்பிட்டுட்டு வராதீங்க, ரெண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும்.

களத்துல நடந்துக்கற முறை

செருப்ப வெளிய விட்டுட்டு வலது கால வச்சு உள்ள போய், குனிஞ்சு மண்ணத் தொட்டு கண்ணுல ஒத்திக்கணும், அப்புறம் ஆசானுக்கு வணக்கம். கேரளாவோட வடக்கன் களரில 42 அடிக்கு 21 அடின்னு குழி வெட்டி கூரை போட்டு வச்சிருப்பாங்க, நம்ம தெக்குப் பக்கம் அவ்ளோ எல்லாம் இல்ல, தென்னந்தோப்பு, கோயில் பின்னாடி காலி இடம், வீட்டு முத்தம், எது கிடைக்குதோ அது தான் களம். மண்ணத் தொடறது பக்தின்னு தான் நானும் நினைச்சிருந்தேன், ஒரு மழைக்காலத்துல தான் புரிஞ்சது, குனிஞ்சு தொட்டவனுக்கு அங்க வழுக்குதா, கல்லு கிடக்குதா, முள்ளு இருக்கான்னு தன்னால தெரிஞ்சிடுது.

இப்படித்தான், பாதி ஆசாரத்தத் தோண்டிப் பாத்தா அடியில பாதுகாப்பு இருக்கும். கம்பத் தாண்டக் கூடாதும்பாங்க. ஒரு தடவை கீழ கிடந்த கம்ப நான் தாண்டிப் போனேன், "லேய் மக்கா, கம்ப தாண்டாத"ன்னு ஒரு சத்தம், திரும்பி வந்து தொட்டுக் கும்பிட வச்சாரு. மறு வாரமே வேற ஒருத்தன் அப்படித் தாண்டப் போய் உருட்டுக் கம்புல கால் பட்டு கம்பு உருள, மல்லாக்க விழுந்து முழங்கை பேந்துருச்சு. கம்ப எறிஞ்சு குடுக்கக் கூடாது, ரெண்டு கைல படுக்க வச்சு குடுக்கணும், வாங்கறவனும் ரெண்டு கையால வாங்கணும். அடுத்தவன் கம்ப கேக்காம எடுக்கக் கூடாது. ஏன்னா அதுல எங்க வெடிப்பு விட்டிருக்குன்னு அவனுக்குத்தான் தெரியும்.

ஜோடி போடறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் வணக்க வரிசை போடணும், சில ஊர்ல இதுக்கு சலாம் வரிசைன்னு பேரு. நிலத்துக்கு, ஆசானுக்கு, சுத்தி நிக்கற சபைக்கு, கடைசில எதிராளிக்கு. எதிராளிக்கு பண்ணும்போது கண்ணப் பாக்கணும், தலைய முழுசா தாழ்த்தி தரையப் பாக்கக் கூடாது. முடிஞ்சதும் திரும்பவும் வணக்கம், முதுகக் காட்டிட்டு போகாம ரெண்டு அடி பின்னால எடுத்து வச்சு தான் திரும்பணும். அடி பட்டா "பட்டது"ன்னு பட்டவனே சொல்லணும். இது ரொம்ப முக்கியம். படலன்னு மழுப்பறவனோட யாரும் ஜோடி போட மாட்டாங்க, அதுவே பெரிய தண்டனை. முன்னெல்லாம் கம்பு நுனியில சாம்பலோ சுண்ணாம்போ தடவி விளையாடுவாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க, சட்டைல கறை விழுந்தா பேச்சு கிடையாது.

வேற ஆசான் கிட்ட கத்தத இங்க வந்து "எங்க வாத்தியார் இப்படித் தான் சொன்னாரு"ன்னு ஆரம்பிக்காதீங்க. ஆசான் கேட்டா சொல்லுங்க. போன்ல வீடியோ எடுக்கறதுக்கு அனுமதி கேளுங்க, முக்கியமா மத்தவங்க பிள்ளைங்க பிரேம்ல வந்தா. பிள்ளைங்கள சேர்க்கற பெத்தவங்க கூட உக்காந்து பாக்க ஆசைப்பட்டா ஆசான் விடணும், "நீங்க இருந்தா அவன் கவனம் சிதறும்"னு தினமும் வெளிய அனுப்பற இடத்துல நான் என் பிள்ளைய விட மாட்டேன். மரியாதைங்கறதுக்கும் வாய மூடிட்டு எல்லாத்தையும் பொறுத்துக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, ஆசான் கால்ல விழறது ஒரு விஷயம், ஆசான் கம்பால மண்டைல அடிச்சா பொறுத்துக்கறது வேற விஷயம்.

கம்பு

நேரா நின்னு கம்ப பக்கத்துல ஊனினா உங்க நெத்தி உயரம், அது தான் அளவு. வளந்த ஆளுக்கு அஞ்சு, அஞ்சரை அடி வரும். பிள்ளைக்கு வளர்ந்தப்புறமும் ஆகட்டும்னு பெருசா வாங்காதீங்க, அது சட்டை இல்ல. மூங்கில் கிடைக்கும், பிரம்பு கிடைக்கும், ஆரம்பத்துல பிரம்பு நல்லது, வளைஞ்சு குடுக்கும், பட்டா வலி இருக்கும் ஆனா எலும்புக்கு அவ்ளோ மோசம் இல்ல. மூங்கில்ல கெட்டி மூங்கில் தான் வேணும், உள்ள ஓட்டை பெருசா இருந்தா ஒரு நாள் பிளந்து சிலாம்பு கைல ஏறும். கணுவெல்லாம் உப்புத்தாள் போட்டு வழிச்சு, வளைவு இருந்தா தணல்ல காட்டி நிமித்தி, நல்லெண்ணெய் பூசி ஊற விடணும். சுவத்துல சாச்சு வச்சா கொஞ்ச நாள்ல வில்லு மாதிரி ஆயிடும், படுக்க வைங்க இல்லன்னா கயித்துல தொங்க விடுங்க. உளுத்துப் போகாம இருக்க அப்பப்போ வேப்பெண்ணெய் தடவலாம், நாத்தம் கொஞ்சம் இருக்கும்.

பஸ்ல கொண்டு போறப்போ துணில சுத்தி நட்டமா பிடிச்சுக்கோங்க. கண்டக்டர் கேட்டா சிலம்பம்னு சொன்னா போதும், பாதிப் பேர் "என் பையனும் போறான்"னு கதை சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க.

பிடி வாத்தியாருக்கு வாத்தியார் மாறும், அதனால எத்தன சாண் விட்டு பிடிக்கணும்னு நான் சொல்லப் போறதில்ல. பொதுவா ஒண்ணு சொல்றேன், இறுக்கிப் பிடிக்காதீங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு இது தான், பஸ் கம்பிய பிடிக்கற மாதிரி பிடிப்பாங்க, ரெண்டாவது நாள் உள்ளங்கைல கொப்புளம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வளையம் மாதிரி இருக்கணும், மத்த மூணு விரல் அடி விழற நேரத்துல மட்டும் இறுகணும். மணிக்கட்டு சுத்தறது, தோள் சும்மா இருக்கறது. மொத மாசம் உங்க கம்பு உங்க காதத்தான் அடிக்கும், காது மடல்ல பட்டா ஒரு சூடு வரும் பாருங்க, அடுப்புல கை வச்ச மாதிரி "ஸ்ஸ்"னு இழுக்கும், அரை நிமிஷம் எதுவுமே கேக்காது. அதுக்கு பயந்து தலைய சாச்சு சாச்சு சுத்தினா அந்தப் பழக்கம் வருஷக்கணக்கா போகாது. தலைய நேரா வச்சு மெதுவா சுத்துங்க, வேகம் தன்னால வரும்.

காலடி தான் வித்தை

கம்ப விட காலுக்குத்தான் நேரம் போகும். சிலம்பத்துல காலடிம்பாங்க, அடிமுறைல சுவடு, ஒத்தச் சுவடு, ரெட்டைச் சுவடு, கூட்டச் சுவடுன்னு போகும். ஒத்தச் சுவடுல தனியா ஒரு பக்கமா அடியும் தடுப்பும் போட்டுப் பழகறது, ரெட்டைல திரும்பறது சேரும், அப்படியே பெருகும். போரடிக்கும், பொய் சொல்லல. ஒரே நாலு அடிய ரெண்டு மாசம் போட்டிருக்கேன். வீட்டுல செய்யறதுக்கு எனக்கு உதவினது என்னன்னா தரைல சாக்பீஸால ஒரு கட்டம் போட்டு நாலு மூலைக்கும் போய்ட்டு வர்றது, கைல கம்பு இல்லாம, கைய இடுப்புல வச்சுக்கிட்டு, தலை மேலயும் கீழயும் ஆடாம. தலை ஆடுதான்னு பாக்க ஒரு புத்தகத்த தலைல வச்சுக்கோங்க, அம்மா சிரிப்பாங்க, பரவால்ல.

முட்டிய மடக்கி இறங்கி நிக்கற நிலைல முட்டி உள்பக்கமா சாயாம கால் விரல் பாக்கற திசையிலயே இருக்கணும், இதக் கவனிக்காம வருஷக்கணக்கா இறங்கி இறங்கி முட்டி போன ஆளுங்க நிறைய. வலி வேற, கடுப்பு வேற. தொடை எரிஞ்சா தொடரலாம், மூட்டுக்குள்ள குத்தினா நிறுத்துங்க.

இப்போ வர்மம்

இதுக்குத்தான் பாதிப் பேர் மேல இருக்கறத எல்லாம் தள்ளிட்டு நேரா இங்க வந்திருப்பீங்க. சரி.

மரபுல சொல்ற கணக்கு 108 வர்மம். அதுல 12 படுவர்மம், அதாவது பட்டா உயிருக்கே ஆபத்தும்பாங்க, 96 தொடுவர்மம். 96ங்கற எண்ண சித்தர் மரபுல தத்துவக் கணக்குலயும் பாக்கலாம், அதனால இத உடம்ப அறுத்துப் பாத்து எண்ணின கணக்கா எடுத்துக்காம ஒரு மரபுக் கணக்கா எடுத்துக்கோங்க. ஆயுர்வேதத்துல சுசுருதர் பேருல இருக்கற நூல் 107 மர்மம்னு சொல்லுது. இத எல்லாம் அகத்தியர் குடுத்ததுங்கறது ஆசான்மார் நம்பிக்கை. பேரெல்லாம் கேக்கவே நல்லா இருக்கும், புருவ மத்தி திலர்த காலம், உச்சில கொண்டைக்கொல்லி, காதுப் பக்கம் செவிக்குற்றி, நெஞ்சுக்குழிப் பக்கம் நேர்வர்மம், விலாப் பக்கம் அடப்பக் காலம். எவ்ளோ அழுத்தம்ங்கறத மாத்திரைல சொல்லுவாங்க, கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால், ஒண்ணு (இத மொத தடவை கேட்டப்போ நான் மெடிக்கல் ஷாப் மாத்திரைன்னு நினைச்சு ஒரு வாரம் குழம்பினேன்). அடி பட்டவனுக்கு இத்தன நாழிகைக்குள்ள எடுக்கணும்னு, அதாவது அந்தப் பாதிப்ப நீக்கி சரி பண்ணணும்னு, கெடுவும் சொல்லுவாங்க, ஒரு நாழிகைங்கறது 24 நிமிஷம். எடுக்கறதுக்கு இளக்குமுறை, தடவுமுறை, அடங்கல்னு தனி வழி.

இதுல திதிக் கணக்கு ஒண்ணும் இருக்கு. உயிரோட அமிர்த நிலை கால் பெருவிரல்ல இருந்து வளர்பிறைல நாளுக்கு ஓரிடமா ஏறி பௌர்ணமிக்கு தலைக்குப் போய் தேய்பிறைல இறங்கும், அந்தந்த நாள் அந்தந்த இடத்துல பட்டா கேடு அதிகம்னு நம்பிக்கை. இத நான் நம்பறேனான்னு கேட்டா, இல்ல. ஆனா ஆசான் சொல்லும்போது குறுக்க பேச மாட்டேன், கேட்டுக்குவேன், ஏன்னா நூத்துக்கணக்கான இடத்த ஏட்டுல பாக்காம ஞாபகம் வச்சுக்க இந்த மாதிரி ஒரு கயிறு வேணும், நாளோட கோத்து வச்சா மறக்காது.

உண்மை எங்க இருக்குன்னு பாப்போம். வர்மம்னு சொல்ற இடங்கள்ல பல இடம் இன்னைக்கு எந்த டாக்டரக் கேட்டாலும் ஆபத்துன்னு தான் சொல்லுவாரு. நெத்திப்பொட்டுப் பக்கம், அதாவது கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல, மண்டை ஓடு மெல்லிசு, அதுக்கு உள்பக்கமா ஒரு ரத்தக்குழாய் ஓடுது. கழுத்து ஓரத்துல பெரிய தமனி பிரியற இடத்துல ரத்த அழுத்தத்த அளக்கற நரம்பு முனை இருக்கு, அங்க அடி பட்டா பிரஷர் சட்டுனு இறங்கி ஆள் மயங்கிடலாம். நெஞ்சுக்குழில பட்டா உதரவிதானம் இழுத்துக்கிட்டு சில நொடி மூச்சே வராது. நடு நெஞ்சுல, இதயத் துடிப்போட ஒரு சின்ன இடைவெளி நேரத்துல சரியா அடி விழுந்தா, வெளிய ஒரு காயமும் இல்லாம இதயம் தாறுமாறா துடிச்சு நின்னுடலாம், கிரிக்கெட் பால், பேஸ்பால் பட்டு கூட இப்படி நடந்திருக்கு. முட்டிக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் கீழ நரம்பு எலும்ப ஒட்டியே போகுது, அங்க பலமா பட்டா பாதம் தூக்க முடியாம போகலாம்.

"நாள் குறிச்சு அடிக்கறது"ன்னு ஊர்ல கதை சொல்லுவாங்க இல்ல, அடி வாங்கினவன் எந்திரிச்சு சிரிச்சுப் பேசிட்டு வீட்டுக்குப் போனான், ராத்திரி செத்துட்டான்னு. சின்ன வயசுல அத கேட்டு நடுங்கியிருக்கேன். பின்னாடி ஒரு டாக்டர் நண்பர் சொன்னப்போ தான் விளங்குச்சு, நெத்திப்பொட்டுல அடி பட்டு உள்ள அந்த ரத்தக்குழாய் கிழிஞ்சா மொதல்ல கொஞ்ச நேரம் மயங்கி, அப்புறம் தெளிஞ்சு நல்லா பேசுவாங்க, உள்ள ரத்தம் சேரச் சேர மூளைய அழுத்தி சில மணி நேரத்துல ஆள் போயிடுவாங்க. மண்ணீரல் கிழிஞ்சாலும் சில நேரம் நாள் கழிச்சு தான் தெரியும். அப்போ அந்தக் கதை சொன்ன பாட்டன்மார் பொய் சொல்லல, கண்ணால பாத்தத தான் சொல்லியிருக்காங்க, காரணம் மட்டும் அவங்களுக்கு வேறயா தெரிஞ்சிருக்கு. நாழிகைக் கெடு கூட எனக்கு அப்படித்தான் படுது, இப்போ ஆஸ்பத்திரில கோல்டன் ஹவர்னு சொல்றாங்களே, அதே பதட்டம் தான்.

ஆனா தொடாமலே விழ வைக்கறது, கண்ணால பாத்தே கட்டிப் போடற நோக்கு வர்மம், மெய்தீண்டாக் காலம், இதெல்லாம் நான் ஒரு தடவை கூட கண்ணால பாக்கல. பாக்கணும்னு ஆசைப்பட்டு காசு கட்டி ஒரு ரெண்டு நாள் கேம்ப்புக்குப் போனேன். அங்க ஒருத்தர் கைய நீட்டி விரல அசைச்சாரு, அவரோட பழைய சீடப்பிள்ளைங்க வரிசையா பொத்து பொத்துன்னு விழுந்தாங்க. என் முறை வந்துச்சு, நின்னேன். திரும்ப அசைச்சாரு, திரும்பவும் நின்னேன், கொசு கடிச்சது அத சொறிஞ்சேன். "நீ மனச திறக்கல"ன்னாரு. சாயங்காலம் லேமினேட் பண்ண சர்டிபிகேட் மட்டும் குடுத்தாங்க, அது இன்னும் வீட்டுல இருக்கு, தோசை மாவு பாத்திரத்த மூட அளவு சரியா இருக்கு. ஒரு டெஸ்ட் சொல்றேன், யாரு செஞ்சு காட்டினாலும் அவங்களுக்கு முன்ன பின்ன தெரியாத ஆளு மேல செய்யச் சொல்லுங்க.

உண்மையான ஆசான்மார் இதுல ரொம்ப கஞ்சம். 12 வருஷம் கூட இருந்தா தான் சொல்லுவேன்ம்பாங்க. மொதல்ல எனக்கும் எரிச்சலா தான் இருந்துச்சு, வித்தைய அழிச்சுட்டாங்களேன்னு. இப்போ அவ்ளோ இல்ல. எங்க ஆசான் ஒரு வரி சொல்லுவாரு, எடுக்கத் தெரியாதவன் அடிக்கற இடத்த கேக்கக் கூடாதுன்னு. அதனால வர்மம் மேல நிஜமாவே ஆர்வம் இருந்தா அடிக்கற பக்கமா போகாம வைத்தியப் பக்கமா போங்க. சித்த மருத்துவம் படிக்கறவங்களுக்கு வர்மமும் தொக்கணமும் (உடம்பத் தடவி, பிடிச்சு விடற சிகிச்சை) பாடத்துலயே இருக்கு, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு, சென்னை தாம்பரம் சானட்டோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு. படிக்க முடியாதவங்க ஆசான் கட்டு போடும்போது பக்கத்துல நின்னு துணி கிழிச்சுக் குடுங்க, எண்ணெய் காய்ச்சிக் குடுங்க, அங்க தான் அவரு வாயத் திறப்பாரு.

யூட்யூப்ல பாத்து நண்பன் கழுத்துல விரல் வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க. கழுத்த சடக்குனு திருப்பி சொடக்கு எடுக்க யாரையும் விடாதீங்க, ஆசானா இருந்தாலும் சலூன்காரரா இருந்தாலும், உள்ள மூளைக்குப் போற தமனி கிழிஞ்சு பக்கவாதம் வந்த கேஸெல்லாம் டாக்டர்மாருக்கு நல்லாவே தெரியும். வர்ம சிகிச்சைன்னு யாராவது உடம்பத் தொடறதா இருந்தா எங்க தொடப் போறேன், எதுக்குன்னு மொதல்ல சொல்லணும், பொண்ணுங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் கூட ஒரு ஆள் இருக்கணும். சொல்ல மாட்டேன், ரகசியம்னா எந்திரிச்சு வந்துடுங்க.

அடி பட்டா

சின்ன அடிக்கெல்லாம் களத்துலயே வழி இருக்கும், ஐஸ் இல்லன்னா ஈரத்துணி, விரல்ல பட்டா பக்கத்து விரலோட சேர்த்துக் கட்டறது. நெஞ்சுக்குழில பட்டு மூச்சு வராம ஒருத்தன் சுருண்டத நான் பக்கத்துல இருந்து பாத்தேன், வாயத் திறக்கறான் காத்து உள்ள போகல, கண்ணு ரெண்டும் பெருசா என்னையே பாக்குது. நாங்க எல்லாம் ஓடி வந்து தூக்கப் போனோம், ஆசான் கைய நீட்டி தள்ளிப் போகச் சொல்லிட்டு அவன முட்டி மடக்கி சாய்வா உக்கார வச்சு, முதுகுல உள்ளங்கைய வச்சுக்கிட்டு மெதுவா "ஊதுலே, உள்ள இழுக்காத, ஊது"ன்னு மட்டும் சொன்னாரு. பத்து பதினஞ்சு செகண்ட் இருக்கும், ஒரு மூச்சு வந்துச்சு. அது முடிஞ்சதும் அவரு சொன்னது தான் எனக்கு அவரு மேல மரியாதைய கூட்டுச்சு, "வயித்துல வலி இருந்தா இன்னைக்கே ஸ்கேன் பாத்துடு, நான் தடவினது போதும்னு இருந்துடாத".

தலைல அடி பட்டா இத மட்டும் மனப்பாடமா வச்சுக்கோங்க. ஒரு செகண்டாவது நினைவு தப்பினா, வாந்தி எடுத்தா, தலைவலி கூடிக்கிட்டே போனா, தூக்கம் தூக்கமா வந்தா, பேச்சு குழறினா, ரெண்டு கண்ணு பாப்பாவும் ஒரே அளவா இல்லன்னா, ஆஸ்பத்திரி தான், ஆசான் வீடு இல்ல. இப்போ நல்லா இருக்கேன்னு அவன் சொன்னாலும் அன்னைக்கு ராத்திரி தனியா படுக்க விடாதீங்க, வண்டி ஓட்ட விடாதீங்க. மயங்கிக் கிடக்கறவன் வாயில தண்ணி ஊத்தாதீங்க, கழுத்துல அடின்னு சந்தேகம் இருந்தா தூக்கி உக்கார வைக்காதீங்க. மூச்சு இல்ல, அசைவு இல்லன்னா நடு நெஞ்சுல ரெண்டு கையையும் வச்சு நிமிஷத்துக்கு 100லருந்து 120 தடவை அழுத்த ஆரம்பிங்க, இன்னொருத்தன் போன் போடட்டும். போன் நம்பர் மறக்காது, வர்மமும் 108, ஆம்புலன்சும் 108. எங்க களத்துல கம்பு வைக்கற இடத்துக்கு மேல சுவத்துல கரிக்கட்டையால பெருசா 108னு எழுதி வச்சிருக்கு, புதுசா வர்றவங்க எல்லாரும் வர்மக் கணக்குன்னு நினைச்சு தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறாங்க, ஆசான் யாரையும் திருத்தறதில்ல.